குதிரையின் காணாக்கடி

மாந்தர்க்கு உழைக்கும் விலங்குகளுள் குதிரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. யானைக்குப் பீடும் ஆவிற்குப் பயனும் நாய்க்கு நன்றியும் உரியவாக, விரைவும் அழகும் பணிவும் ஒருங்கே வாய்ந்தது குதிரை என்பர். அதன் நடையையும் வண்ணத்தையும் பாடிய புலவர் பலர். அதன் உடலில் தோன்றும் நோயை உற்று நோக்கியவரோ சிலர். அந்நோய்களுள் ஒன்றாகிய பூச்சிக்கடி ஒவ்வாமையைப் பற்றியும், அதனைத் தணிக்கும் முறைகளைப் பற்றியும் யாம் கற்றவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு தொகுத்துரைக்க முற்படுகின்றோம். இலக்கியம் பயில்வார்க்குக் குதிரை வைத்தியம் எற்றுக்கு என்று நண்பருட் சிலர் நகைக்கக்கூடும். மாலைதோறும் காற்று வாங்கச் செல்லும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நம் கண்முன் நின்று உழைக்கும் ஓர் உயிரின் துன்பத்தை அறிந்துகொள்ளுதல் எக்கலை பயில்வார்க்கும் ஏற்புடைத்தே என்பது எம் விடை.

தமிழகமும் குதிரையும்

குதிரை தமிழ் நிலத்துக்கே உரிய விலங்கன்று. கலமேறிக் கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் புரவியும் ஒன்று என்பதைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். குதிரை வாங்கி வருமாறு பாண்டியன் தன் அமைச்சரிடம் பெரும்பொருள் கொடுத்து விடுத்த கதை மணிவாசகர் வரலாற்றில் யாவரும் கேட்டதே. 1292-ஆம் ஆண்டை ஒட்டிப் பாண்டி நாட்டுக் கரையை அடைந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ எழுதி வைத்த செய்தி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. ஹார்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை அந்நாட்டு அரசன் விலைக்குக் கொண்டான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகின்றார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்பதும், குதிரை விற்ற வணிகர் தம்முடன் குதிரை வைத்தியரைக் கொண்டு வாராததோடு பிறர் வருவதையும் தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரைகள் விரைவில் மடிந்தால் வணிகர்க்கு மீண்டும் விற்பனை உண்டன்றோ?

யாம் எடுத்துக்கொண்ட பூச்சிக்கடி ஒவ்வாமை உயிரைக் கொல்லும் நோயன்று. ஆகவே அக்குதிரைகள் மடிந்தமைக்கு வேறு காரணங்களே உரியன. எனினும் அச்செய்தி நமக்கு ஒன்று கற்பிக்கின்றது. குதிரையின் நலம் அதன் விலையிலும் சாதியிலும் இல்லை. அதனைப் பேணுவாரது அறிவில் உள்ளது. இவ்வுண்மைக்கு இந்நோயைப் போலச் சான்று பகர்வது வேறொன்று இல்லை என்பதை மேல்வருவனவற்றால் உணரலாம்.

திருவல்லிக்கேணியும் குதிரைகளுக்குப் பழகிய ஊரே. 1768-இல் ஆர்க்காட்டு நவாபு சேப்பாக்கத்தில் அரண்மனை எடுத்தபின் அவர்தம் பரிவாரத்தார் இப்பகுதியிற் குடியேறினர். பின்னர் ஜட்கா வண்டிகள் தெருக்களை நிரப்பிய காலம் ஒன்று இருந்தது. அவ்விரு காலமும் கழிந்தன. இன்று மெரினா மணலில் சிறுவரை ஏற்றிக்கொண்டு உலவும் குதிரைகளே அப்பழமையின் எச்சமாய் நிற்கின்றன. ஒரு குதிரையின் முதுகை நம்பி ஒரு குடும்பம் உண்டு உடுத்து வாழ்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நோயின் அடையாளங்கள்

இந்நோயில் முதற்கண் தோன்றுவது தினவு. குதிரைக்குச் சொறிந்துகொள்ளக் கை இல்லை. ஆதலின் தினவு எடுத்த இடத்தைச் சுவரிலும் தூணிலும் மரத்திலும் ஓயாது தேய்க்கின்றது. எட்டும் இடத்தைப் பல்லாற் கடிக்கின்றது. பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்கின்றது. பிடரி மயிரின் அடியும் வாலின் அடியுமே பெரும்பாலும் முதலில் தாக்குண்ணும் இடங்களாம். சிலவற்றில் தோள்மேட்டிலும் முகத்திலும் வயிற்றின் நடுக்கோட்டிலும் நோய் பரவும். தேய்க்கத் தேய்க்க மயிர் முறிந்து உதிர்கின்றது. வால் எலிவால் போல் ஆகின்றது. தோலில் நீர் கசிந்து பொருக்குக் கட்டுகின்றது. பொருக்கு மீண்டும் தேய்ப்புண்டு குருதி வடிகின்றது. அப்புண்ணில் ஈ மொய்த்துப் புழுவும் வைக்கின்றது. நாட்பட்டால் தோல் தடித்துச் சுருக்கம் விழுந்து யானைத்தோல் போல் ஆகிவிடும். உறக்கமும் தீனியும் குறைந்து, அடக்கமாய் நின்ற குதிரை சினமுடையதாகின்றது.

சில குதிரைகளுக்கு நோய் வேறொரு வடிவில் தோன்றும். கடியுண்ட சிறிது நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாய் எழுந்து, சில மணி நேரத்தில் அடங்கும். மாந்தர்க்கு இத்தகைய தடிப்பு எழுந்தால் நம் பாட்டிமார் அதனைக் ‘காணாக்கடி’ என்பர். கடித்தது இன்னதென்று காணப்படாத கடி என்பது அச்சொல்லின் பொருள். குதிரையின் நோய்க்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடைத்து என்பது அதனை உண்டாக்கும் பூச்சியின் இயல்பைக் கூறுமிடத்து விளங்கும்.

பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் இந்நோய் தலைகாட்டும். ஒருமுறை வந்த குதிரைக்கு ஆண்டுதோறும் அது மீண்டு வரும், வருந்தோறும் மிகும். தாய் தந்தையரிடமிருந்து குட்டிக்கு இதற்குரிய இயல்பு இறங்குவதும் உண்டு. ஆனால் ஒரு குதிரையிடமிருந்து மற்றொன்றுக்கோ, குதிரையிடமிருந்து மாந்தர்க்கோ இது தொற்றுவதில்லை. இதனை அறியாமையால் விளையும் கேடு பெரிது. புண்பட்ட பிடரியைக் கண்ட தாய் தன் குழந்தையை விரைந்து இழுத்துக்கொண்டு அப்பாற் செல்கின்றாள். அன்று குதிரைக்கும் வருவாய் இல்லை. குதிரைக்காரர்க்கும் வருவாய் இல்லை. வருவாய் இல்லாத நாளில் தீனிக்கே முட்டுப்பாடு. மருந்துக்கு எங்கே போவது?

மயங்குதற்கு இடமான வேறு நோய்கள்

தினவு எடுத்த குதிரை எல்லாம் இந்நோய் உடையன என்று கொள்ளலாகாது. சொறிப்பூச்சி தோலைக் குடைவதனாலும், பேன் பற்றுவதனாலும், படர்தாமரையாலும் தினவும் மயிருதிர்வும் உண்டாகும். வாலடியை மட்டும் ஓயாது தேய்க்கும் குதிரைக்குக் குடலில் ஊசிப்புழு இருக்கவும் கூடும். அப்புழு ஆசனவாயின் அருகே முட்டையிடுதலால் ஆங்கு அரிப்பு எடுக்கும். இவற்றுள் பல தொற்றுவன. இவற்றுக்கு உரிய மருந்துகளும் வேறு. ஆகவே கால்நடை மருத்துவர் தோலைச் சிறிது சுரண்டி எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவர். சொறிப்பூச்சியும் பூசணமும் அதிற் காணப்படாமல், நோய் மழைக்குப்பின் மிகுந்து வறட்சியிற் குறைவதாயும், பூச்சியினின்று காத்தபோது தணிவதாயும் இருப்பின், அது பூச்சிக்கடி ஒவ்வாமையே எனத் துணிவர். இங்ஙனம் ஆராயாது எல்லாவற்றையும் ‘சொறி’ என்று ஒரே பெயரால் அழைத்து, மண்ணெண்ணெயையும் வண்டியிற் கழித்த எண்ணெயையும் பூசுவாரும் உளர். அவை புண்ணை எரிக்கும், தோலைக் கெடுக்கும், நோயைத் தீர்க்கமாட்டா.

கடிக்கும் பூச்சி யாது?

குதிரையைக் கடிக்கும் பூச்சிகள் பல. கொசு உண்டு, கொட்டும் ஈ உண்டு, கத்தி போல் தோலை அறுத்துக் குருதி வடியச் செய்யும் பெரிய குதிரை ஈயும் உண்டு. இவையெல்லாம் ஒவ்வாமையை உண்டாக்க வல்லனவே. ஆயினும் இந்நோய்க்குத் தலைமைக் காரணமாய் அறிஞர் கண்டது இவற்றினும் மிகச் சிறிய ஒன்று. ‘கியூலிகாய்டிஸ்’ என்று விலங்கு நூலார் அதற்குப் பெயரிட்டனர். கொசுவுக்கு உறவுடைய இனமாயினும் அது கொசுவன்று. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே உடையது. கடுகினும் சிறியது என்னலாம். யாம் இதனைப் பொடிக்கொசு என்று வழங்குவோம். ஆணும் பெண்ணும் பூவின் தேனை உண்ணும். பெண் மட்டும் முட்டை முதிர்தற்பொருட்டுக் குருதியையும் நாடும். பறக்கும்போது ஓசை கேளாது. கண்ணுக்கும் எளிதில் தோன்றாது. அமெரிக்க நாட்டவர் இதனைக் ‘காணமாட்டாய்’ என்னும் பொருள்படப் பெயரிட்டழைக்கின்றனர். நம் நாட்டுக் காணாக்கடியும் அவர் நாட்டுப் பெயரும் இங்ஙனம் ஒத்திருத்தல் வியப்பன்றோ?

இந்நோய் உலகின் பல பகுதிகளில் உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து அரிப்பு என்றும், ஜப்பானில் ‘கசென்’ என்றும் வழங்கும். குவீன்ஸ்லாந்தில் 1950-களில் ரீக் என்னும் ஆராய்ச்சியாளர், அங்குள்ள குதிரைகளின் அரிப்பு பொடிக்கொசுக் கடியால் விளையும் ஒவ்வாமையே என்று ஆய்ந்து நிறுவினார். நம் நாட்டிலும் இப்பூச்சிக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு ஆடுகளை வருத்தும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுவே. 1960-இல் நம் தேசத்துட் புகுந்து குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளைநோயைச் சுமந்ததும் இவ்வினமே.

பொடிக்கொசு ஈரச் சேற்றிலும், சாணமும் இலத்தியும் கலந்த நீர்க்கரையிலும், அழுகிய தழையிலும் முட்டையிடும். திருவல்லிக்கேணியின் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும், வடக்கே கடலை நாடிச் செல்லும் கூவமும் உள்ளன. இவ்விரண்டின் சேற்றுக் கரைகளும் ஐப்பசி கார்த்திகை மழைக்குப்பின் எந்நிலையில் இருக்கும் என்பதை அவ்வழி நடப்பார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குளிர்நாடுகளில் இந்நோய் கோடையில் வந்து பனிக்காலத்தில் மறையும். வெப்பம் மாறாத நம் ஊரிலோ பூச்சிக்கு ஓய்வு இல்லை. ஆகவே நோய்க்கும் முழு ஓய்வு இல்லை.

ஒவ்வாமை என்பது யாது?

கடித்த பூச்சி கடுகினும் சிறிது. விளைந்த புண்ணோ உள்ளங்கையினும் பெரிது. இஃது எங்ஙனம் கூடும் என்னும் வினா எழுதல் இயல்பே. ஒரே இலாயத்தில் நிற்கும் பத்துக் குதிரைகளையும் பூச்சி கடிக்க, ஒன்றிரண்டு மட்டும் தோலுரியத் தேய்த்துக்கொள்கின்றன. ஏனையவை வாலை வீசிவிட்டு அமைதியாய் நிற்கின்றன. ஆகவே நோயின் வேர் பூச்சியிடம் மட்டும் இல்லை. குதிரையின் உடலகத்தும் உள்ளது.

உயிர்களின் உடம்பில் புறத்தேயிருந்து வரும் பகையை எதிர்க்கும் காவல் ஒன்று இயற்கையாய் அமைந்துள்ளது. அக்காவல் சில வேளைகளில் தீங்கற்ற பொருளையும் பெரும்பகை என்று மயங்கி எதிர்ப்பதுண்டு. இந்நிலைமைக்கு வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே என்பார் 1906-இல் ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். தமிழில் ஒவ்வாமை என்கின்றோம். பொடிக்கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் குதிரையின் தோலுள் இறங்குகின்றது. அதிலுள்ள புரதங்களை அடையாளம் கண்டுகொள்ளும் எதிர்ப்பொருள், ஒவ்வாமையுடைய குதிரையின் குருதியில் உண்டாகித் தோலிலுள்ள சில உயிரணுக்களின்மேல் ஒட்டிக் காத்திருக்கும். அடுத்த கடி விழுந்தவுடன் அவ்வணுக்கள் வெடித்தாற்போலத் தம்முள்ளிருக்கும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. அவையே வீக்கத்தையும் தினவையும் விளைவிப்பன. பின்னர் வேறு வகை வெள்ளணுக்களும் திரண்டு வந்து சேரத் தோல் புண்ணாகின்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்னும் நம் பழமொழி இதற்கு எத்துணைப் பொருத்தம்! பூச்சி செய்த தீங்கு சிறிது; பூச்சியை எதிர்க்கப் புகுந்து உடல் தனக்குத் தானே செய்துகொண்ட தீங்கே பெரிது.

இதனைத் தெளிவுற விளக்கும் ஒரு செய்தி வடகடலிலுள்ள ஐஸ்லாந்துத் தீவிலிருந்து கிடைக்கின்றது. அத்தீவில் நெடுங்காலம் பொடிக்கொசு இல்லாதிருந்தது. ஆங்குப் பிறந்து வளர்ந்த குதிரைகள் ஐரோப்பியப் பெருநிலத்துக்கு விற்கப்பட்டு, பொடிக்கொசு மிக்க இடங்களில் ஈராண்டுக்கு மேல் வாழ்ந்தபோது, ஏறத்தாழப் பாதிக்கு இவ்வரிப்பு உண்டாயிற்று. அவ்வினத்துக் குதிரைகளே ஐரோப்பாவிற் பிறந்து குட்டிப் பருவமுதல் கடிபட்டு வளர்ந்தபோது, நூற்றில் பத்துக்கும் குறைவானவற்றையே நோய் பற்றியது. குட்டிப் பருவத்திலேயே பழகிய கடியை உடல் பொறுத்துக்கொள்கின்றது. முதிர்ந்தபின் புதிதாய் வந்த கடியைப் பொறுக்க அறியாது போகின்றது. ஐஸ்லாந்தை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரை மீண்டும் அத்தீவுக்குள் வரலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே நோயுற்ற அக்குதிரைகள் பூச்சி மிக்க அயல்நாட்டிலேயே தம் வாழ்நாளைக் கழிக்கின்றன. வேற்று நாட்டிலிருந்து குதிரையைக் கொணர்வார் அதன் வண்ணத்தையும் சுழியையும் மட்டும் நோக்காமல், அது பிறந்த மண்ணையும் நோக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

காவலே முதல் மருந்து

கடி நின்றால் நோய் தணியும். கடி தொடர்ந்தால் எம்மருந்தும் நிலையாது. இவ்வொன்றே இந்நோய் மருத்துவத்தின் சாரம். ஆதலின் மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் இலாயத்தைச் சீர்செய்தல் வேண்டும்.

முதலாவது, வேளையறிதல். பொடிக்கொசு அந்திப்பொழுதிலும் விடியற்பொழுதிலுமே மிகுதியாய்க் கடிக்கும். அவ்வேளைகளில் நோயுற்ற குதிரையைச் சேற்றோரத்திலும் புல்வெளியிலும் கட்டாது, மறைவான இலாயத்துள் நிறுத்தல் நன்று.

இரண்டாவது, காற்று. பொடிக்கொசு பறத்தலில் வலிமையற்றது. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசின் அது பறந்து கடித்தல் அரிது. இதனால் விளங்குவது ஒன்று உண்டு. கடற்காற்று வீசும் திறந்த மணலில் நிற்கும்போது குதிரைக்குப் பூச்சியால் வரும் துன்பம் குறைவு. வேலை முடிந்து, காற்று அடங்கிய இரவில், கால்வாயருகே சந்துகளிற் கட்டப்படும்போதே துன்பம் மிகுகின்றது. இதனை நூலில் யாம் கற்பதற்குமுன் கடற்கரையில் ஒரு குதிரைக்காரப் பெரியவர் வாயாற் கேட்டிருக்கின்றோம். “காற்று வீசும் மட்டும் இது பிள்ளைபோல நிற்கும், தம்பி, காற்று விழுந்தால் பேய் பிடித்தாற்போல ஆகிவிடும்” என்றார் அவர். பேய் யாது என்பது அவர்க்குத் தெரியாது. ஆயினும் அது வரும் வேளை தெரிந்திருந்தது. அவர் கண்டறிந்ததே மருத்துவத்தின் பாதி. இலாயத்தில் ஒரு மின்விசிறியை அந்தியிலும் விடியலிலும் சுழலவிடுவது அயல்நாட்டு மருத்துவரும் பெரிதும் வற்புறுத்தும் முறையாகும். நள்ளிரவில் இல்லாத கடற்காற்றை அது சிறிது ஈடுசெய்யும்.

மூன்றாவது, வலையும் போர்வையும். கொசுவைத் தடுக்கும் சாதாரண வலையின் கண்கள் பொடிக்கொசு புகுதற்கு இடந்தரும். ஆதலின் அதனினும் நுண்ணிய வலையே வேண்டும். மேனாட்டார் கழுத்து முதல் வால் வரை மூடும் போர்வையைக் குதிரைக்கு அணிவிக்கின்றனர். சென்னை வெயிலில் கனத்த போர்வை குதிரையை வேகவைத்துவிடும். நெருக்கமாய் நெய்த மெல்லிய பருத்தித் துணியைத் தைத்து, அந்தி முதல் விடியல் வரை மட்டும் போர்த்தல் நம் நாட்டுக்கு ஏற்றதாம்.

நான்காவது, தூய்மை. இலத்தியையும் நனைந்த வைக்கோலையும் நாள்தோறும் அகற்றவேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு கட்டவிடலாகாது. ஆயினும் பொடிக்கொசு அயலிடத்திலிருந்தும் வருமாதலின், ஒருவர் இலாயத்தின் தூய்மை மட்டும் போதாது. கால்வாய்க் கரையின் தூய்மை ஊரார் அனைவர்க்கும் பொதுவான கடமை.

ஐந்தாவது, புகை. மாட்டுத் தொழுவத்தில் அந்தியில் வேப்பந்தழை இட்டு மூட்டம் போடுதல் நம் நாட்டுப் பழவழக்கம். பூச்சியை விரட்ட அஃது உதவும். ஆனால் குதிரையின் நுரையீரல் புகையையும் தூசியையும் எளிதில் தாங்காது. அடைத்த இலாயத்தில் மூட்டம் போட்டால் ஒரு நோயை ஓட்டி மற்றொன்றை அழைத்ததாக முடியும். வெளியே, காற்று வரும் பக்கத்தில், சிறிதளவு இடுதலே தக்கது.

ஈண்டு மற்றொன்றும் நினைவூட்டுகின்றோம். புண்பட்ட வாலின் மயிரை அழகின் பொருட்டு ஒட்டக் கத்தரித்துவிடுதல் கூடாது. வாலும் பிடரி மயிரும் குதிரைக்கு இயற்கை தந்த ஈயோட்டிகள். அவற்றைக் கவர்ந்துகொண்டு குதிரையைக் காப்பது எங்ஙனம்?

மருந்துகள்

காவலோடு மருந்தும் வேண்டுமாயின் அதனை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை பூச்சியை அண்டவிடாத பூச்சுக்கள். செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படும் பைரீத்ரம் என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லும். அதனை முன்மாதிரியாய்க் கொண்டு செயற்கை முறையிற் செய்த பெர்மெத்ரின் இன்று குதிரைகளுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. மருத்துவர் கூறிய அளவிற் கலந்தே அதனைப் பூசல் வேண்டும். பூனைக்கு அது கொடிய நஞ்சாதலின், பூனை உலவும் வீட்டில் மிக்க கவனம் தேவை. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் பொடிக்கொசு எளிதில் அமராது. வேப்பெண்ணெயின் மணமும் அதற்கு ஆகாது. ஆயினும் வாய் திறந்த புண்ணின்மேல் வேப்பெண்ணெயைக் கலப்பின்றிப் பூசினால் எரிச்சல் மிகும்.

இரண்டாம் வகை புண்ணை ஆற்றுவன. உப்புக் கலந்த, காய்ச்சி ஆறிய நீரால் புண்ணைக் கழுவிப் பொருக்கை மென்மையாய் நீக்கி, மருத்துவர் தரும் களிம்பை இடவேண்டும். இசிவு நோய் குதிரையை மிக எளிதிற் பற்றும். பற்றினால் பிழைத்தல் அரிது. சிறு புண் வழியாகவும் அந்நோய்க் கிருமி உட்புகும். ஆகவே இசிவுத் தடுப்பூசி தவறாது போட்டிருத்தல் இன்றியமையாதது.

மூன்றாம் வகை ஒவ்வாமையையே அடக்குவன. 1937-இல் போவே என்னும் அறிஞர் வழிகாட்டிய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் மாந்தர்க்கு நற்பயன் தருகின்றன. குதிரைக்கோ அத்துணைப் பயன் தருவதில்லை. கார்ட்டிசோன் இனத்து மருந்துகளாகிய பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் என்பன தினவை விரைவில் அடக்கும். ஓரிரு நாளிலேயே குதிரை அமைதியுற்றுத் தீனி கொள்ளும். இவ்விரைவே அவற்றின் நன்மையும் தீமையும் ஆம். நலங்கண்ட குதிரைக்காரர் மருந்துக் கடையில் தாமே வாங்கி மேலும் மேலும் கொடுக்க முற்படுவர். மிகுதியாய்க் கொடுத்தால் உடலின் இயற்கைக் காவல் தளர்ந்து வேறு நோய்கள் புகும்; குளம்பினுள் அழற்சி தோன்றிக் குதிரை நொண்டவும் கூடும். குளம்பு கெட்ட குதிரைக்குப் பிழைப்பு ஏது? தினவைத் தீர்க்கப் புகுந்து காலை இழப்பது பேதைமையன்றோ? ஆதலின் இம்மருந்தைச் சிறிது காலத்துக்கு, குறைந்த அளவில், மருத்துவர் மேற்பார்வையிலேயே கொடுத்தல் வேண்டும்.

இவற்றின் வேறாய்ப் புதியதொரு முறையும் ஆராயப்பட்டு வருகின்றது. ஒவ்வாமைப் புண்ணில் வந்து திரளும் வெள்ளணுக்களைத் தூண்டும் ஒரு புரதத்தை, வெள்ளரிப் பயிரைத் தாக்கும் வைரஸின் வெற்றுக் கூட்டோடு பிணைத்து, சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர் தடுப்பூசி ஒன்று சமைத்தனர். அதனை 34 ஐஸ்லாந்துக் குதிரைகளைக்கொண்டு சோதித்து, ஊசி பெற்றவற்றில் புண் குறைந்தமையை 2018-இல் வெளியிட்டனர். அத்தகைய ஊசி நம் கடற்கரைக் குதிரைகளை எட்டும் வரை விசிறியும் வலையும் துடைப்பமுமே அவற்றுக்குத் துணை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இந்நோய்க்கு உரிய மருத்துவத்திற் பெரும்பகுதி மருந்துக் கடையில் இல்லை என்பதும், குதிரையை நாள்தோறும் காண்பாரது கருத்தில் உள்ளது என்பதும் போதரும். காற்று விழும் வேளையையும் மழை நின்றபின் சேறு கட்டும் இடத்தையும் குதிரை முதன்முதல் சுவரை நாடித் தேய்க்கும் நாளையும் உடனிருப்பவரே அறிவர். மருத்துவரோ அவ்வறிவுக்குக் காரணம் காட்டி நெறிப்படுத்துவர். 1903-இல் வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் மனையில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி திருவல்லிக்கேணிக்குச் சேய்மையில் இல்லை. இவ்விருவரும் ஒருவரையொருவர் அணுகினால் குதிரையின் துன்பம் பெரிதும் குறையும்.

மாணவத் தோழர்காள்! நாம் கால்நடை மருத்துவர் அல்லேம். ஆயினும் நம்மால் ஆவது சிலவுண்டு. பிடரியில் புண்ணுடைய குதிரையைக் கண்டால் முகஞ்சுளித்து அகலாது, இது தொற்றுநோயன்று என்பதை உடன்வரும் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துச் சொல்லலாம். சேணம் உறுத்தும் இடத்தில் புண்ணிருப்பின் அதன்மேல் ஏறாது, சவாரிக்குரிய கூலியைக் கொடுத்துக் குதிரைக்கு ஓய்வு தரலாம். வேப்பேரிக்கு வழியறியாத குதிரைக்காரர்க்கு வழிகாட்டி, வேண்டின் உடன் சென்று உதவலாம். கால்வாய்க் கரையிற் குப்பை கொட்டுவாரைக் கண்டால் பணிவோடு தடுக்கலாம். தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டாத உயிர் சுவரில் முதுகைத் தேய்ப்பதே அதன் முறையீடு. அம்முறையீட்டைக் கேட்டும் கேளார்போல் நாம் செல்லாதிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.